கால்நடைச் செவிலியம் படிப்பவர்களுக்கு ரேபிஸ் தடுப்பூசி: சேர்க்கை முதல் பணிக்காலம் வரை முழுமையான வழிகாட்டி

ஒரு மாடு வாயைத் திறந்தபடி எச்சில் ஒழுக நிற்கிறது. தீவனத்தை விழுங்க முடியவில்லை. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். உதவிக்கு நிற்கும் மாணவர் அடித்தொண்டை வரை கையை விட்டுத் துழாவிப் பார்க்கிறார். ஒன்றும் அகப்படவில்லை. ஓரிரு நாள் கழித்து அந்த மாடு பின்னங்கால்களை ஊன்ற முடியாமல் சரியும்போதுதான் ரேபிஸாக இருக்குமோ என்ற சந்தேகம் எழுகிறது. நாய்களிலும் இதே கதைதான். கீழ்த்தாடை தொங்கிப்போன நாயை, எலும்பு மாட்டிக்கொண்டதாக நினைத்து உரிமையாளர் தூக்கிவருவார்; அதன் வாய்க்குள் விரல்கள் போகும். கடிக்காத, உறுமாத, வாடிப்போய்க் கிடக்கும் விலங்கிடம் யாரும் வெறிநோயை எதிர்பார்ப்பதில்லை. வெறிபிடிக்காமல் உடலைச் செயலிழக்க வைக்கும் வாத வகை ரேபிஸ் அப்படித்தான் வரும்.

நாய் பாய்ந்து கடித்துவிட்டால் யாராக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போவார்கள். கால்நடைச் செவிலியம் படிப்பவருக்கு உள்ள அபாயம் வேறு. நகக்கண்ணில் இருக்கும் சிறு கீறலில் எச்சில் பட்டதை அவர் கவனித்திருக்கவே மாட்டார். கவனித்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டார். கடி என்றே தோன்றாத அந்தத் தொடர்புகளுக்காகத்தான் படிப்பின் தொடக்கத்திலேயே தடுப்பூசி கேட்கிறார்கள். சேர்க்கைப் படிவத்தில் வரும் இன்னொரு சம்பிரதாயமாக இதை நினைக்க வேண்டாம் என்பதே இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது.

முன்கூட்டியே போடும் ஊசி என்ன செய்கிறது?

ரேபிஸ் வைரஸ் காயத்திலிருந்து நரம்பு வழியே மூளைக்கு ஊர்ந்து செல்கிறது. அறிகுறி தெரிய பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். ஒரு வாரத்திலும் வரலாம், ஓர் ஆண்டும் ஆகலாம். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பவர்கள் அரிதிலும் அரிது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இதனால் இறக்கிறார்கள். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய்கள் மூலம் வருவதுதான். இத்தனைக்கும் இது தடுக்கக்கூடிய நோய். லூயி பாஸ்டர் முதல் தடுப்பூசியை மனிதருக்குப் பயன்படுத்தியது 1885-இல்.

முன்தடுப்பூசி போட்டிருப்பவரின் உடல் இந்த வைரஸை ஏற்கெனவே அறிந்துவைத்திருக்கிறது. இதனால் மூன்று நன்மைகள் உண்டு. கவனிக்கப்படாமல் போன சிறு தொடர்புகளுக்கு எதிராக ஓரளவு காப்பு கிடைக்கிறது. கடிபட்ட இடத்திலிருந்து மருத்துவமனை தொலைவில் இருந்தால், போய்ச் சேரும் வரை அவகாசம் கிடைக்கிறது. கடிபட்ட பின் போட வேண்டிய சிகிச்சையும் பாதியாகச் சுருங்குகிறது: காயத்தைச் சுற்றிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் (வைரஸை எதிர்க்கும் ஆயத்தப் புரதம்) தேவையில்லை, இரண்டு தடுப்பூசிகள் போதும். இம்யூனோகுளோபுலின் விலை அதிகம். எல்லா இடத்திலும் கிடைப்பதுமில்லை. அது கிடைக்காத ஊரில் கடிபட்டவர் படும் பதற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் ஒன்றை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். முன்தடுப்பூசி போட்டவரும் கடிபட்டால் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். 'எனக்குத்தான் ஊசி போட்டாயிற்றே' என்று வீட்டில் இருந்துவிடுவது உயிருக்கே ஆபத்து.

முதல் படி: உங்கள் கல்லூரி என்ன கேட்கிறது என்பதை எழுத்தில் பெறுங்கள்

நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுகிறது. சில இடங்களில் மருத்துவமனைப் பயிற்சி தொடங்கும் முன் ஊசித் தொடர் முடிந்திருக்க வேண்டும். சில இடங்களில் முதல் ஊசி போட்டதற்கான சான்று இருந்தால் வகுப்பில் அனுமதிப்பார்கள். விலங்குகளைத் தொட மட்டும் அனுமதி கிடைக்காது. ரேபிஸ் இல்லாத நாடுகளில் இதைக் கட்டாயமாக்காமல், வௌவால்களையோ இறக்குமதியாகும் விலங்குகளையோ கையாள்பவர்களிடம் மட்டும் கேட்பதும் உண்டு. அங்கும் இதை அலட்சியப்படுத்த முடியாது. ஆஸ்திரேலியாவில் நாய்களிடம் ரேபிஸ் இல்லை. ஆனால் வௌவால்களிடம் ரேபிஸுக்கு நெருங்கிய உறவான லிஸா வைரஸ் இருப்பது 1996-இல் தெரியவந்தது. அதன் பிறகு அங்கே அந்த வைரஸால் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அதற்கும் இதே ரேபிஸ் தடுப்பூசியைத்தான் போடுகிறார்கள்.

கல்லூரி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை: இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா? தோலுக்குள் போடும் ஊசியை ஏற்பார்களா, தசையில் போட்டதுதான் வேண்டுமா? ரத்தத்தில் ஆன்டிபாடி (நோயை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) அளவு பார்த்த அறிக்கை வேண்டுமா? சான்றை ஒப்படைக்கக் கடைசி நாள் எது? உடல்நலக் காரணத்தால் போட முடியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு? செலவு யாருடையது? பயிற்சிக்கு அனுப்பப்படும் மருத்துவமனைக்கோ காப்பகத்துக்கோ தனி விதி இருக்கலாம். கல்லூரி ஏற்றுக்கொண்ட சான்றைப் பயிற்சி மையம் ஏற்காமல் திருப்பி அனுப்புவது நடக்கிற ஒன்றுதான். இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

இரண்டாம் படி: பயிற்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்தது மூன்று டோஸ் முறை: முதல் நாள், 7-ஆம் நாள், பிறகு 21 அல்லது 28-ஆம் நாள். இந்தக் கணக்கில் முதல் ஊசி போடும் நாள் பூஜ்ஜியம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இதை இரண்டு வருகைகளாகக் குறைத்தது: பூஜ்ஜியம், 7. அமெரிக்காவின் தடுப்பூசி ஆலோசனைக் குழுவும் 2022-இல் இரண்டு டோஸுக்கு மாறியது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மூன்றாவது டோஸ் இன்னும் உண்டு. பல நாடுகளும் கல்லூரிகளும் பழைய மூன்று டோஸ் முறையிலேயே இருக்கின்றன. உங்கள் கல்லூரி மூன்று கேட்டால் மூன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். புதிய வழிகாட்டலைக் காட்டி வாதாடுவதால் பயிற்சி தள்ளிப்போவதுதான் மிச்சம்.

முதல் ஊசிக்கும் பயிற்சி நாளுக்கும் இடையே குறைந்தது எட்டு வாரம் வைத்துக்கொள்ளும்படி நான் மாணவர்களிடம் சொல்வேன். ஊசித் தொடருக்கு மட்டும் நான்கு வாரம் ஆகலாம். ஆன்டிபாடிப் பரிசோதனை கேட்டிருந்தால் கடைசி ஊசிக்குப் பிறகு சில வாரம் காத்திருந்து ரத்தம் கொடுக்க வேண்டும்; அறிக்கை வரவும் நாளாகும். போதாததற்கு ரேபிஸ் தடுப்பூசி எல்லாக் கிளினிக்கிலும் கையிருப்பில் இருப்பதில்லை. பயண மருத்துவ மையங்கள், பெரிய மருத்துவமனைகள், பொதுச் சுகாதார மையங்கள் ஆகியவற்றில் முன்கூட்டியே விசாரித்து, இரண்டாம், மூன்றாம் டோஸுக்கும் சேர்த்தே இருப்பை உறுதி செய்துகொள்ளுங்கள். தோலுக்குள் போடும் முறையில் ஒரு குப்பி மருந்தைப் பலருக்குப் பங்கிடலாம் என்பதால் வகுப்பாகச் சேர்ந்து போனால் செலவு குறையும். ஆனால் திறந்த குப்பியைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். எனவே எல்லோரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் போக வேண்டியிருக்கும்.

ஒரு டோஸ் தாமதமாகிவிட்டால் பதற வேண்டாம், தொடரை முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். விட்ட டோஸை எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் போட்டுக்கொண்டு அங்கிருந்து தொடர வேண்டும். முன்னதாகப் போடுவதுதான் தவறு. ஏழு நாள் இடைவெளியை வசதிக்காக நான்கு நாளாக்கிக்கொண்டால் அந்தச் சான்று செல்லாமல் போகலாம்.

மூன்றாம் படி: மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

இது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸால் ஆன தடுப்பூசி. ஊசியிலிருந்து ரேபிஸ் வர வழியே இல்லை. டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி போன்ற மற்றத் தடுப்பூசிகளுடன் ஒரே நாளில், வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

ஆனாலும் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்டீராய்டு, புற்றுநோய்ச் சிகிச்சை, உறுப்பு மாற்று மருந்துகள் போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தால் டோஸ் எண்ணிக்கையும் பரிசோதனையும் மாறும். குளோரோகுயின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தடுப்பூசியின் பலன் குறையலாம், குறிப்பாகத் தோலுக்குள் போடும்போது. எந்த முறை, எப்போது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். முட்டையால் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் அதையும் சொல்ல வேண்டும். ரேபிஸ் தடுப்பூசிகளில் ஒரு வகை கோழிக் கருவின் உயிரணுக்களில் வளர்க்கப்படுகிறது. மனித உயிரணுக்களிலோ வேறு உயிரணுக்களிலோ வளர்க்கப்பட்ட வகையை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு அபாயம் உண்மையிலேயே இருந்தால் முன்தடுப்பூசி போடலாம்; பயிற்சியைத் தள்ளிவைக்க முடியுமானால் அதையும் யோசிக்கலாம். கடிபட்ட பின் போடும் சிகிச்சைக்குக் கர்ப்பம் ஒருபோதும் தடையில்லை. கடும் காய்ச்சல் இருந்தால் முன்தடுப்பூசியைச் சில நாள் ஒத்திப்போடுவார்கள்.

நான்காம் படி: ஊசி போடும் நாள்

தசையில் போடுவதானால் இடம் மேல் கைத் தசை. பிட்டத்தில் போடக் கூடாது. அங்கே மருந்து கொழுப்பில் தங்கிப் போதிய ஆன்டிபாடி உருவாகாமல் போகலாம். பிட்டத்தில் போட வந்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். மாணவராக இருந்தாலும் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் தோலுக்குள் போடும் முறையில் ஒவ்வொரு வருகையிலும் இரண்டு இடங்களில், இடத்துக்கு 0.1 மில்லிலிட்டர் போடுவார்கள். ஊசி முனை தோலின் மேலடுக்குக்குள் ஏறக்குறைய படுக்கையாக நுழைய வேண்டும். மருந்து இறங்கும்போது அந்த இடத்தில் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக ஒரு சிறு கொப்புளம் எழும்ப வேண்டும். கொப்புளம் எழவில்லை என்றால் மருந்து ஆழமாக இறங்கிவிட்டது என்று பொருள். அப்போது வேறு இடத்தில் மீண்டும் போட வேண்டும். விலங்குகளுக்குத் தோலுக்குள் ஊசி போடக் கற்கும் மாணவர்கள் இதைத் தங்கள் கையிலேயே உற்றுப் பார்க்கலாம்.

கை வலி, சிவப்பு, லேசான தலைவலி, உடல் வலி, சோர்வு ஆகியவை சாதாரணம். ஓரிரு நாளில் போய்விடும். ஊசி போட்டபின் கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். முகம் வீங்குவது, மூச்சு வாங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது போன்றவை அந்த நேரத்தில் வந்தால் சிகிச்சை கையருகில் இருக்கும்.

ஐந்தாம் படி: சான்று

நன்றாகப் படிக்கும் மாணவர்கள்கூடக் கோட்டைவிடும் இடம் இது. 'போட்டாயிற்று' என்று எழுதிய மருந்துச் சீட்டு சான்றாகாது. ஒவ்வொரு டோஸுக்கும் தேதி, தடுப்பூசியின் பெயர், தொகுதி எண், அளவு, தசையிலா தோலுக்குள்ளா என்ற விவரம், போட்ட இடம், போட்டவரின் கையொப்பமும் மையத்தின் முத்திரையும் வேண்டும். கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்குள் சரிபாருங்கள். பத்து மாதம் கழித்து அந்தத் தொகுதி எண்ணைத் தேடி அலைவது வீண் வேலை.

சான்று வைத்திருப்பது கல்லூரிக்காக மட்டுமில்லை. நாளை நீங்கள் கடிபட்டுச் சிகிச்சைக்குப் போகும்போது, முன்பு முறையாகப் போட்டிருக்கிறீர்கள் என்பதற்கு ஆவணம் இருந்தால்தான் இரண்டு டோஸ் சுருக்கச் சிகிச்சை தருவார்கள். ஆவணம் இல்லாவிட்டால் ஒன்றுமே போடாதவருக்குரிய முழுச் சிகிச்சைதான், இம்யூனோகுளோபுலின் உட்பட. ஒரே ஒரு டோஸ் போட்டு நிறுத்தியவர் நிலையும் அதுதான். அசலை வீட்டில் வைத்துவிட்டு, படம் ஒன்றைக் கைபேசியிலும் நகல் ஒன்றைப் பயிற்சி மையத்தின் கோப்பிலும் வையுங்கள்.

ஆறாம் படி: ஆன்டிபாடி அளவும் பூஸ்டரும்

ரத்தத்தில் வைரஸை முறியடிக்கும் ஆன்டிபாடி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்குத் தனி ஆய்வகப் பரிசோதனைகள் உண்டு. மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு என்பதே போதுமான எதிர்வினைக்கு உலக அளவில் ஏற்கப்பட்ட எல்லை. அதற்குக் கீழே வந்தால் ஒரு பூஸ்டர், அதாவது கூடுதல் டோஸ், போடச் சொல்வார்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்பது வேலையைப் பொறுத்தது. அமெரிக்காவின் 2022 வழிகாட்டலை ஒரு மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். ஆய்வகத்தில் உயிருள்ள ரேபிஸ் வைரஸுடன் வேலை செய்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வௌவால்களை அடிக்கடி கையாள்பவர்களும், ரேபிஸ் இருக்கக்கூடிய விலங்குகளைப் பிரேதப் பரிசோதனை செய்பவர்களும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. நாய், பூனை, கால்நடைகளைப் பார்க்கும் பெரும்பாலான மாணவர்களும் செவிலியர்களும் இவற்றுக்கு அடுத்த பிரிவில் வருகிறார்கள். அவர்கள் முதல் இரண்டு டோஸுக்குப் பின் மூன்று ஆண்டுக்குள் ஒரு பூஸ்டர் போட்டுக்கொள்ளலாம். அல்லது ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டுக்குள் ஒரே ஒருமுறை அளவு பார்த்து, குறைவாக இருந்தால் மட்டும் பூஸ்டர் போடலாம். பிற நாடுகளின் கால அட்டவணை வேறாக இருக்கும். பயிற்சி நடக்கும் நாட்டின் விதிதான் உங்களுக்குப் பொருந்தும்.

ஆன்டிபாடி அளவு அதிகமாக இருக்கிறது என்பதால் கடிபட்ட பின் போட வேண்டிய இரண்டு டோஸைத் தவிர்க்க முடியாது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தைரியமாக இருந்துவிடும் மாணவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏழாம் படி: கடியோ கீறலோ எச்சிலோ பட்டால்

கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போங்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது, பெரும்பாலோர் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைச் சிதைத்துவிடும். ஊசிக்கு முன்பே உயிர் காக்கும் சிகிச்சை இதுதான். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவுங்கள். கண்ணில் தெறித்திருந்தால் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். காயத்தை இறுக்கிக் கட்டவோ அவசரப்பட்டுத் தையல் போடவோ விட வேண்டாம்.

உங்கள் மேற்பார்வையாளரிடம் அன்றே சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதுங்கள். மதிப்பெண் குறையும், கவனக்குறைவு என்பார்கள் என்று பயந்து மறைக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அப்படி மறைக்கத் தோன்றாத சூழலை உருவாக்குவது ஆசிரியர்களின் பொறுப்பு.

முன்தடுப்பூசியை முடித்தவருக்கு தசையில் அல்லது தோலுக்குள் ஒரு டோஸ் அன்றே, இன்னொன்று 3-ஆம் நாள். இம்யூனோகுளோபுலின் வேண்டாம். டெட்டனஸ் ஊசி நிலவரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்தடுப்பூசி போடாதவருக்கு நான்கு அல்லது ஐந்து வருகைகள் வரை நீளும் தொடரும், தோலைத் துளைத்த கடியாகவோ கண், வாயில் எச்சில் பட்டதாகவோ இருந்தால் இம்யூனோகுளோபுலினும் தேவை. காயமில்லாத தோலில் விலங்கு நக்கியதற்கோ விலங்கைத் தடவிக்கொடுத்ததற்கோ ஊசி தேவையில்லை. வௌவாலுடன் நேரடித் தொடர்பு என்றால் காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். அதன் பற்கள் அவ்வளவு நுண்ணியவை.

கடித்தது ஆரோக்கியமாகத் தெரியும் நாயோ பூனையோ என்றால் அதைப் பத்து நாள் கண்காணிப்பார்கள். எச்சிலில் வைரஸ் வெளிவரும் கட்டத்தில் இருந்த நாய், பூனைகள் அந்தப் பத்து நாளுக்குள் அறிகுறி காட்டிவிடும் அல்லது இறந்துவிடும். மற்ற விலங்குகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. கண்காணிப்பு முடியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்; விலங்கு பத்தாம் நாளும் நலமாக இருந்தால் மிச்ச டோஸ்களை மருத்துவர் நிறுத்திக்கொள்வார். சந்தேகத்துக்குரிய விலங்கு இறந்தாலோ கருணைக்கொலை செய்யப்பட்டாலோ தலையில் அடிபடக் கூடாது; பரிசோதனைக்கு மூளை சிதையாமல் வேண்டும். மாதிரியைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும், உறைய வைக்கக் கூடாது. இந்த வேலையை முன்தடுப்பூசி முடிக்காத மாணவரிடம் ஒப்படைக்கவே கூடாது.

மாணவர்களைப் பயமுறுத்தும் இன்னொரு விபத்து, நாய்க்குப் போட எடுத்த ரேபிஸ் தடுப்பூசி தன் விரலில் குத்திவிடுவது. விலங்குகளுக்கு ஊசியாகப் போடும் செயலிழந்த தடுப்பூசி குத்தியதால் ரேபிஸ் வராது. காயத்தைக் கழுவி, பதிவு செய்து, வீக்கம் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். காட்டு விலங்குகளுக்கு இரையில் வைத்துக் கொடுக்கும் வாய்வழித் தடுப்பு மருந்து அப்படியல்ல. அதில் உயிருள்ள வைரஸ் இருக்கும் என்பதால் கையில் காயத்திலோ கண்ணிலோ பட்டால் உடனே சொல்ல வேண்டும். விலங்குக்கான தடுப்பூசியை மனிதர் தமக்குப் போட்டுக்கொள்வதும் முன்தடுப்பூசி ஆகாது. விலை குறைவு என்று யாராவது யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஊசித் தொடர் முடியும் முன் பயிற்சி தொடங்கிவிட்டால்

மருந்துத் தட்டுப்பாடு, உடல்நலம், தாமதமான சேர்க்கை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அப்போது வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் சாதனங்களைக் கிருமி நீக்குவது, மருந்துப் பதிவேடு, ஊடுகதிர்ப் படங்களை ஒழுங்குபடுத்துவது, தடுப்பூசி வரலாறு தெரிந்த வளர்ப்பு விலங்குகளுக்கு அறுவைக்குப் பிந்தைய கவனிப்பு போன்றவற்றைச் செய்யலாம். தெருவில் மீட்கப்பட்டவை, வரலாறு தெரியாதவை, வனவிலங்குகள், வௌவால்கள், நடை தள்ளாடுபவை, விழுங்க முடியாதவை, குரல் மாறியவை, திடீரெனச் சுபாவம் மாறியவை ஆகியவற்றிடம் போக வேண்டாம். வாய்ப் பரிசோதனை, பல் சுத்தம் செய்தல், தொண்டையில் குழாய் செருகுதல், பிரேதப் பரிசோதனை ஆகியவற்றில் பார்வையாளராகக்கூட நெருங்கி நிற்க வேண்டாம். இந்தப் பட்டியலை மேற்பார்வையாளரின் கையொப்பத்துடன் எழுத்தில் வைத்துக்கொண்டால், ஆள் பற்றாக்குறையான ஒரு மாலையில் யாரும் உங்களை அவசரத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் அந்தத் தாளைக் காட்டி மறுக்கலாம்.